வாய் வைக்காத டம்ளர்கள்

என் ஆசை அண்ணனுக்கு,

தங்கை தெய்வானை அன்னவாசலில் இருந்து எழுதுவது. நலமா என்று கேட்கக் கை தானாகப் போகிறது, பழக்கம். இங்கே உங்கள் மாப்பிள்ளை நலம். செல்வி ஆறாவது படிக்கிறாள், உங்களைப் போலவே விரல் விடாமல் கணக்குப் போடுகிறாள். மழை வழக்கம்போலப் போக்குக் காட்டுகிறது. நீங்கள் போய் இது மூன்றாவது ஆடி.

இந்தக் கடிதத்தை நான் பெட்டியில் வைத்துப் பூட்டப் போவதில்லை. ஆரோக்கியம் டீச்சர் பள்ளிக்கூட ஆண்டு மலரில் போடுகிறேன் என்றார்கள், சரி என்றேன். உங்களைப் பார்த்துச் சிரித்தது ஊர். நான் சொல்ல வேண்டியதை உங்கள் காதோடு மட்டும் சொல்லிவிட்டு நழுவிக்கொண்டால் அது நியாயமா?

சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பால் பரீட்சையில் உங்கள் கணக்கு தப்பவில்லை அண்ணே. தப்பு என் கையில் இருந்தது. எனக்கே இது தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்கதை தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான் மாற்றிச் சொன்னால் திருத்தவும் நீங்கள் இல்லை.

ராஜா ஆண்ட சமஸ்தானம் போய் நாமெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன புதிதில் நீங்கள் பட்டணம் போய்க் கணக்கில் பி.ஏ. முடித்தீர்கள். அங்கேயே உத்தியோகம் கிடைத்தும் ஊருக்கே திரும்பி வந்தீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானம் ஒரு டம்ளர் பால் கொடுக்க ஒரு சின்னச் சர்க்கார் திட்டம் வந்திருந்தது, அந்த ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். மாட்டுப் பால் அத்தனைக்கு எங்கே போவது? நம் செம்மண்ணில் விளைகிறது நிலக்கடலை. அதை ஊற வைத்து, அரைத்து, பிழிந்து, காய்ச்சி, மாட்டுப் பாலோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கலாம் என்றார்கள். கலந்தால் ருசி மாறுகிறதா, மாறினால் நாக்குக்குத் தெரிகிறதா? அதைக் கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் வேலை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். கலந்த பாலைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். எல்லோரும் நல்லாருக்குங்க என்றார்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே உப்பைப் போட்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நீட்டினீர்கள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "அருமையா இருக்கு தம்பி. உப்புத்தான் செத்த தூக்கல்" என்றார். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"கொடுத்த கைக்கு மரியாதை செய்றாக தெய்வானை. இவுக வாயால நல்லாருக்கான்னு கேட்டா நாக்கு சொல்றது நமக்கு வந்து சேராது. வேற மாதிரி கேக்கணும்" என்றீர்கள்.

அந்த வேறு மாதிரிதான் மூன்று டம்ளர். இரண்டில் ஒரே பால். ஒன்றில் வேறு பால். எது வேறு என்று காட்டினால் போதும், நல்லது கெட்டது சொல்ல வேண்டாம். யாருக்கும் மனம் நோகாது. எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு ஆள் சரியாகக் காட்டிவிடுவார்கள், அது குருட்டு அதிர்ஷ்டம். சரியாகச் சொன்னவர்கள் அதைத் தாண்டி நன்றாக மேலே போனால்தான் நாக்கு கண்டுபிடித்தது என்று அர்த்தம். இதை எனக்கு விளங்க வைக்க நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? எட்டாவதோடு நின்றவளுக்கு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

எந்த டம்ளர் முதலில், எது கடைசியில் என்பதையும் நாம் முடிவு செய்யக் கூடாது என்று சீட்டு எழுதி உழக்கில் போட்டுக் குலுக்கினீர்கள். அதைப் பார்த்தவர்கள், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதை இப்போது பாலுக்கும் பார்க்கிறார்கள் போல என்று கேலி செய்தார்கள். உங்களுக்கு அதிலும் சந்தோஷம்தான். "அதே சங்கதிதான். அங்க அம்மன்கிட்ட கேக்குறாக, இங்க நாக்குகிட்ட கேக்குறோம். ரெண்டுலயும் நம்ம கை ஊடால போகக் கூடாது" என்றீர்கள்.

நம்ம கை ஊடால போகக் கூடாது. அதைச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ருசி பார்க்க எல்லாத் தெரு ஆட்களும் வர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளையும் படிக்கும்போது நாலு வீட்டு நாக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது கணக்கே இல்லை என்றீர்கள். வீடு வீடாகப் போய் நீங்களே கூப்பிட்டீர்கள். ஆவூர்ப் பக்கத்தில் இருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆரோக்கியம் டீச்சரையும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

டம்ளர்தான் இல்லை. ஆபீஸில் கேட்டால் வேணுங்கிறதை எழுதி இண்டென்ட் போடுங்க, வரும்போது வரும் என்றார்கள். நான்தான் முந்திக்கொண்டு, "எங்கிட்ட இருக்குண்ணே, நான் கொண்டு வாரேன்" என்றேன். என் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்கள். அப்போது அன்னவாசலில் எவர்சில்வர் வைத்திருக்கிற வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வாங்கியிருந்தீர்கள்: தெய்வானைக்கு அண்ணன் சீர். அதைத் துணியில் சுற்றித்தான் வைத்திருந்தேன். பொங்கல், தீபாவளிக்குக்கூட எடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நீங்கள் தாளும் பேனாவுமாக மேசையில் உட்கார்ந்தீர்கள். நான் பரிமாறினேன். முதல் ஆள் வந்து டம்ளரை உதட்டுப் பக்கம் கொண்டு போனார். யார் என்று பார்த்தேன். எந்தத் தெரு என்று தெரிந்தது. உடனே என் வாயில் வந்தது:

"எச்சிப் பண்ணாம அண்ணாந்து குடிங்க."

அவர் டம்ளரை உயர்த்தி வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்து வந்தவருக்கும் சொன்னேன். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது, குடித்துவிட்டு வெளியே போனவர்கள் வாசலில் நின்றவர்களிடம் சொல்லிவிட, எல்லோரும் தூக்கியே குடித்தார்கள். அண்ணாந்து ஊற்றினால் தொண்டை சுட்டுவிடுமே என்று பாலை வேறு நன்றாக ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். உங்களுக்கு அது ஒரு சொல்லாகவே பட்டிருக்காது. நம் வீட்டில் யார் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தோம்? சின்னப் பிள்ளையில் நான் வாய் வைத்துவிட்டேன் என்று ஆத்தா புறங்கையில் ஒரு அடி போட்டது உங்களுக்கும் தெரியும்.

பழக்கம் என்று சொல்லிவிட்டு நான் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மலர் படிக்கிறவர்களும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அது வெறும் பழக்கம் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் எல்லாத் தெருவையும் உள்ளே கூப்பிட்டீர்கள். நான் அவர்கள் வாயை என் டம்ளருக்கு வெளியே நிறுத்திவிட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசினால் முடிந்துபோகிற காரியம். பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீரும் இருந்தது.

முடிவு வந்தது. மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் சரியாகச் சொல்லியிருந்தார்கள். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. வித்தியாசம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். ஆபீஸில் உங்களுக்கு மேலே இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்ப ரெண்டும் ஒண்ணுதான், நாளைக்கே ஆரம்பிச்சிரலாம் என்றார். "தெரியலைன்னுதான் சார் எழுதியிருக்கேன், இல்லைன்னு எழுதலையே. பிள்ளைகள்ல கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பாப்போம்" என்றீர்களாம். அவர் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். அவரவர் தகர டம்ளர், அவரவர் தட்டு. பிள்ளைகள் ஊதி ஊதி, வாய் வைத்து, உறிஞ்சிக் குடித்தார்கள். பச்சைக் கடலை வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. ஒரு பிள்ளை துப்பியதும் மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கொட்டியிருக்கிறார்கள். மறுநாள் தாய்மார்கள் வந்து வாசலில் நின்று கத்தினார்கள்.

"எங்க பிள்ளைக என்ன மாடா? பிண்ணாக்குத் தண்ணியக் கலக்கிக் குடுக்குறீக."

அன்றைக்கு உங்களுக்கு ஒரு பட்டம் வைத்தார்கள். பிண்ணாக்கு பி.ஏ. உங்கள் வீடு இருக்கிற திருக்கோகர்ணத்துக் கடை வாசல் வரை அது போய்ச் சேர்ந்தது. டவுன் பஸ்ஸில் நீங்கள் ஏறினால் பின் சீட்டில் யாராவது மெல்லக் கனைப்பார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு உப்புப் பாலுக்குச் சிரித்த சிரிப்பு இல்லை.

திட்டத்தை மூடினார்கள். பிள்ளைகளுக்குக் கலப்புப் பாலும் இல்லை, தனிப் பாலும் இல்லை. நீங்கள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அரிசி மில்லில் மூட்டைக் கணக்குக்குப் போனீர்கள். பி.ஏ. படித்த என் அண்ணன் தவிட்டுத் தூசிக்குள் உட்கார்ந்து மூட்டை எண்ணினார்.

ஆனாலும் உங்கள் மனசு அதை விடவில்லை. லீவு நாளில் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவீர்கள். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பீர்கள்.

"தெய்வானை, எங்கிட்டுத் தப்புச்சு? சீட்டு சரியாத்தானே குலுக்குனோம்?"

"ஆமாண்ணே."

"ஒருத்தர் சொன்னது அடுத்தவருக்குக் கேட்டிருக்குமோ?"

"இல்லண்ணே, ஒவ்வொரு ஆளாத்தானே உள்ள விட்டோம்."

"பால் நெறத்துல ஏதும்?"

"ரெண்டும் வெள்ளைதாண்ணே."

அப்புறம் காப்பியை அண்ணாந்து ஊற்றிக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் ஊற்றிக்கொள்வேன். விடை நம் இரண்டு பேர் கையிலும் இருந்தது. நாம் அதைத் தூக்கித் தூக்கிக் குடித்துக்கொண்டே தேடினோம்.

பிறகு ஊரெல்லாம் பரவிய காய்ச்சலில் நீங்கள் போனீர்கள். பால் விவகாரத்தால் போனீர்கள் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் யாரையும் பி.ஏ.வா என்று கேட்டு வருவதில்லை. ஆனால் 'என் கணக்கு எங்கோ தப்பிவிட்டது' என்று நம்பிக்கொண்டேதான் போனீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் செல்விக்குச் சளிக் காய்ச்சல். ஆடாதொடைக் கசாயம் வைத்தேன். அவள் டம்ளரை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து ஓடினாள். நான் அவள் தாவாயைப் பிடித்துக்கொண்டு, "வாய் வைக்காத, அண்ணாந்து ஊத்திக்க ஆத்தா, வாடையே தெரியாது" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் கை நின்றுவிட்டது. இதைச் சொன்னது யார்? நான்தான். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மூக்குக்குக் கிட்டே கொண்டு போகாமல், நாக்கில் தங்கவிடாமல், நேரே தொண்டைக்கு அனுப்புகிற வழி. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேருக்கும் நான் பாலைக் கொடுக்கவில்லை அண்ணே, கசாயத்தைக் கொடுத்திருக்கிறேன். செல்வி குடித்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாள். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அழுது முடித்த பிறகு உங்கள் குரல்தான் வந்தது. இதுவும் உன் ஊகம்தானே தெய்வானை, பரீட்சை வச்சுப் பாத்தியா என்று கேட்டது. அதுவும் சரிதானே? நான் குற்றவாளி என்று நானே சொல்லிக்கொள்வதால் ஆகிவிடுமா?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பரீட்சை வைத்து, வாய் வைத்துக் குடித்தவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கணக்கு சரி, பாவம் என்னுடையது. அவர்களாலும் முடியவில்லை என்றால் நான் தப்பித்தேன், உங்கள் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். இரண்டில் எது வேண்டும் எனக்கு? திருக்கோகர்ணத்தில் அம்மன் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என்ன கேட்பதென்று தெரியாமல் திருநீறு குங்குமம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆரோக்கியம் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்கள். பிறகு, "நான் அன்னைக்குக் கோவத்தோடதாங்க குடிச்சேன். பாதி சேலையில ஊத்திக்கிட்டேன். ருசி எங்க பாத்தேன்?" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, எப்ப வைக்கலாம்?" என்று அவர்களே கேட்டார்கள். ஹெட்மாஸ்டரிடம் கேட்டு அதே அறையை வாங்கிக் கொடுத்தார்கள்.

அதே பாதிக்குப் பாதிப் பால். அதே மூன்று டம்ளர். வந்தவர்களை உழக்குச் சீட்டு போட்டு இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டம் அண்ணாந்து குடிக்க வேண்டும், மற்றது வாய் வைத்து. பாலின் சூடு இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், வெதுவெதுப்பு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் வந்தது என்று தெரியாது என்பீர்களே, அது நினைவிருந்தது. சூட்டுக்குத் தனியாக இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பாலை ஊற்றவில்லை. எதில் எது என்று எனக்குத் தெரியவும் கூடாது என்று பக்கத்து அறையில் டீச்சர்தான் ஊற்றி வைத்தார்கள். எனக்கு ஆசை இருந்தது அண்ணே. எந்தப் பக்கத்து ஆசை என்று எனக்கே தெரியாது, ஆனால் இருந்தது. ஆசை உள்ள முகம் கண்ணாலேயே காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் தடவை என் கை ஊடால போகவில்லை.

ஒன்றை எழுதாமல் விடக் கூடாது. வாய் வைக்கிற கூட்டத்துக்குச் சீட்டு விழுந்தவர்களில் அன்றைக்கு முதலில் வந்தாரே, அதே ஆள் இருந்தார். இப்போது தலை நரைத்துவிட்டது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வாய் வச்சா குடிக்கச் சொல்றீக?"

"ஆமாங்க. வச்சுக் குடிங்க."

"டம்ளர்ல ஒங்க பேரு வெட்டியிருக்கே தாயி."

"அண்ணன்னும்தாங்க வெட்டியிருக்கு. குடிங்க."

அவர் அப்போதும் தயங்கினார். அவர் தயங்கி நின்ற அந்த நேரம் முழுக்க நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். பிறகு மெல்ல வாய் வைத்து மூன்றையும் உறிஞ்சினார். நடுவில் வாய் கொப்பளித்துக்கொண்டார். நடு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "இதுல கடலை வாடை அடிக்குது" என்றார். நான் கேட்டது எது வேறு என்பதைத்தான். அவர் நாக்கு அதற்கு மேலேயே சொல்லிவிட்டது.

முடிவைச் சரிபார்க்க உங்களுடைய பட்டணத்துச் சூத்திரம் எனக்குத் தெரியாது. நானும் செல்வியும் வேறு வழி செய்தோம். மூன்று புளியங்கொட்டை எடுத்து ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினோம். உழக்கில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுப்பது, திரும்ப உள்ளே போடுவது. வெள்ளை வந்தால் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒருத்தர் சரியாகச் சொன்னதாக வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை தடவை எடுத்தோம். அது ஒரு பரீட்சை. அப்படிப் பல சாயங்காலம் திரும்பத் திரும்ப எடுத்தோம். செல்விக்குக் கை வலித்தது, விடாமல் எடுத்தாள்.

அண்ணாந்து குடித்த கூட்டம் சரியாகச் சொன்ன அளவுக்குப் புளியங்கொட்டையும் சர்வ சாதாரணமாகச் சொன்னது. வாய் வைத்துக் குடித்த கூட்டத்தின் பக்கத்தில்கூட அதனால் ஒரு தடவையும் வர முடியவில்லை. செல்வி உழக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப மாமா போட்டது சரிதானம்மா?" என்றாள்.

"சரிதான் ஆத்தா. மாமா போட்டது சரிதான்."

சந்தோஷப்பட்டேன் அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தைத் தொட்டுக்கொண்டே மற்றதும் வந்தது. நீங்கள் கேட்டதற்குத்தான் ஊர் பதில் சொன்னது. ருசி தெரியாதபடி கொடுத்துவிட்டு ருசி தெரிகிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்றுதானே வரும்? உங்கள் கணக்கு அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. ஒளித்தவள் நான். தெரியாமல் ஒளித்தேன் என்று சொல்லலாம். ஆனால் அண்ணாந்து குடிக்கச் சொன்னது எதற்காக என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாளே திருக்கோகர்ணம் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"கடைசி வரைக்கும் எங்கிட்டுத் தப்புச்சு, எங்கிட்டுத் தப்புச்சுன்னு அவுக கேட்டது ஒங்கிட்டத்தான். எங்கிட்ட வந்து சொன்னா? போயி அவுககிட்டச் சொல்லு" என்றார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். எங்கிட்டுத் தப்புச்சு என்று கேட்டீர்களே அண்ணே. இங்கிட்டுத்தான். உங்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேனே, அங்கேதான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள்? என்னைத் திட்டுவீர்களா? இல்லை, சூட்டுக்கும் ஒரு பரீட்சை வச்சிருவோம் என்று உழக்கைத் தேடுவீர்களா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பால் இன்னும் வரவில்லை. கடலையை இளவறுப்பாக வறுத்து அரைத்தால் பச்சை வாடை போகும் என்று ஆரோக்கியம் டீச்சர் சொல்கிறார்கள். போகிறதா இல்லையா என்று நானும் சொல்ல மாட்டேன், அவர்களும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளையே சுடச்சுட, வாய் வைத்துக் குடிக்கச் செய்து கேட்போம். உங்கள் பெயரைப் போட்டுத்தான் எழுதி அனுப்புவோம், பி.ஏ. என்பதையும் சேர்த்து. உங்கள் கணக்கு ஏன் அப்படி வந்தது, அதை அப்படி வரவைத்தது யார் என்பதும் அதில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சீராகக் கொடுத்த டம்ளர்களை நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். துணியில் சுற்றாமல் பையில் போட்டுக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தேன். இனி எந்தத் தெருப் பிள்ளை தண்ணீர் குடித்தாலும் அதில்தான் குடிக்கும். விளிம்பில் வாய் வைத்தால் அண்ணன் என்று வெட்டியிருக்கிற இடம் உதட்டுக்கு நேரே வருகிறது. கொடுப்பதற்கு முன்னால் நான் வைத்துப் பார்த்துவிட்டேன். அவற்றை ஒருநாளும் திருப்பிக் கேட்க மாட்டேன் அண்ணே, இது சத்தியம்.

நீங்கள் சீர் செய்த தங்கை,
தெய்வானை